சோம்பலா, மனச்சோர்வா? – வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

மனச்சோர்வு அன்றாட வாழ்க்கையில் எப்படியெல்லாம் தலைகாட்டுகிறது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு நமது மனநல மருத்துவர் இந்த இதழில் பதில் அளிக்கிறார். எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிக் கடிதங்களைச் சுருக்கியுள்ளோம்.

கேள்வி: எனக்கு வயது 34. அலுவலகத்துக்குத் தவறாமல் போகிறேன்; அங்கே எல்லோரிடமும் சிரித்துப் பேசுகிறேன். வீடு திரும்பியதும் உடை மாற்றக்கூட முடியாமல் அப்படியே படுத்துவிடுகிறேன். விடுமுறை நாள்களில் குளிப்பதில்லை. தோழிகள் அனுப்பிய செய்திகள் மாதக்கணக்கில் பதில் எழுதாமல் கிடக்கின்றன. அழுகை வருவதில்லை, பெரிய துக்கம் எதுவும் நடக்கவும் இல்லை. இது டிப்ரஷனா, வெறும் சோம்பேறித்தனமா?

பதில்: அழுகை வரவில்லை என்பதை வைத்து மனச்சோர்வு இல்லை என்று முடிவு கட்ட முடியாது. இந்த நோயைக் கண்டறிய மருத்துவர்கள் ஒன்பது அறிகுறிகளைப் பார்க்கிறோம்: நாளின் பெரும்பகுதி நீடிக்கும் சோகம் அல்லது வெறுமை, முன்பு விரும்பிச் செய்தவற்றில் நாட்டம் அற்றுப்போவது, பசியிலோ உடல் எடையிலோ மாற்றம், தூக்கம் குறைவது அல்லது மிகுவது, பிறர் கவனிக்கும் அளவுக்கு நடையும் பேச்சும் மந்தமாவது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது, தீராத களைப்பு, தான் எதற்கும் உதவாதவர் என்ற எண்ணமும் அளவுக்கு மீறிய குற்ற உணர்வும், கவனம் சிதறுவதும் முடிவெடுக்கத் திணறுவதும், சாவைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் எண்ணங்கள். இவற்றில் ஐந்தேனும் ஏறத்தாழ ஒவ்வொரு நாளும் இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் இருந்து, அன்றாட வாழ்வை முடக்கினால், வேறு காரணம் எதுவும் இல்லை என்று உறுதிசெய்த பின் அதை மனச்சோர்வு நோய் என்கிறோம். அந்த ஐந்தில் முதல் இரண்டில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். இரண்டும் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆகவே சோகமே இல்லாமல், எதிலும் நாட்டமற்றுப் போவது மட்டும் மேலோங்கி நிற்கும் மனச்சோர்வும் உண்டு. உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரிவது பெரும்பாலும் அதுதான்.

சோம்பலில் இருப்பவர் வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டு அந்த நேரத்தை எப்படியோ அனுபவிக்கிறார். மனச்சோர்வில் இருப்பவருக்குப் படுத்திருப்பதிலும் சுகம் கிடையாது. செய்யாமல் விட்ட வேலை நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்திருக்க, கூரையைப் பார்த்தபடி தன்னைத் தானே ஏசிக்கொண்டு கிடப்பதை ஓய்வு என்று எப்படிச் சொல்வது? என்னிடம் வருபவர்களில் பலர், நோயைவிட அதிகமாக இந்த ஏச்சினால்தான் நைந்து போயிருக்கிறார்கள்.

குளியலையே எடுத்துக்கொள்வோம். உடல்நலத்தோடு இருப்பவருக்கு அது ஒரே செயல், யோசிக்காமல் நடந்துவிடும். மனச்சோர்வில் அது பத்துத் துண்டுகளாக உடைந்து போகிறது. போர்வையை விலக்க வேண்டும், எழுந்து நிற்க வேண்டும், துவைத்த துணி எங்கே என்று தேட வேண்டும், துண்டை எடுக்க வேண்டும், தண்ணீரின் சூட்டைப் பார்க்க வேண்டும், தலைக்குக் குளிப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்க வேண்டும், பிறகு ஈரத்தைத் துவட்டித் தலையை உலர்த்த வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மனத்தைத் திரட்ட வேண்டியிருப்பதால், துணியைத் தேடும் கட்டத்திலேயே அன்றைய வலு தீர்ந்துவிடுகிறது. பதில் எழுதாத செய்திகளின் கதையும் இதுபோன்றதே. முதல் நாள் இரண்டு வரி எழுதினால் போதும். நான்காம் நாள் தாமதத்துக்கு மன்னிப்பும் சேர்த்து எழுத வேண்டியதாகிறது. ஒரு மாதம் கழிந்தால் நடந்தது அனைத்தையும் விளக்கியாக வேண்டும் என்று தோன்றிவிடுகிறது. எழுதப்படாத பதில் நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போவதால் அந்தத் தோழியின் பெயரைக் கைப்பேசியில் பார்க்கவே அச்சம் வருகிறது. அன்பு குறைந்ததனால் வந்த மௌனம் அன்று இது. ஆனால் அந்தப் பக்கம் இருப்பவருக்கு அப்படித்தான் தோன்றும்.

அலுவலகத்தில் மட்டும் எப்படி முடிகிறது என்று உங்கள் வீட்டார் கேட்கக்கூடும். அங்கே நேரம் முன்னரே வகுக்கப்பட்டிருக்கிறது, அடுத்து என்ன செய்வதென்று மற்றவர்கள் சொல்கிறார்கள், போகாவிட்டால் என்ன ஆகும் என்ற பயமும் இருக்கிறது. வெளியிலிருந்து கிடைக்கும் இந்தத் தாங்கலைப் பிடித்துக்கொண்டு, இருக்கும் வலுவையெல்லாம் அங்கேயே செலவிட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புகிறீர்கள். வேலைக்குப் போக முடிகிறது என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

இனி, நான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்லும் ஒன்று. மனம் வந்தால் செய்வேன் என்று காத்திருக்காதீர்கள். நலமாக இருக்கும்போது முதலில் ஆசை எழுகிறது, செயல் அதைத் தொடர்கிறது. மனச்சோர்வு இந்த வரிசையை முறித்துவிடுவதால், செயல் முன்னே போனால்தான் ஆசை பின்னால் வரும், அதுவும் தயங்கித் தயங்கித்தான் வரும். செயல்கள் குறையக் குறைய, அவற்றால் கிடைத்துவந்த சின்னச் சின்ன நிறைவுகள் நின்றுபோய், மனம் மேலும் கீழே இறங்கி, செயல் இன்னும் குறைகிறது என்று அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லெவின்சன் 1970களில் விளக்கினார். அந்தச் சுழலைச் செயலின் பக்கத்திலிருந்து அறுக்கும் சிகிச்சை முறை இன்று நன்கு சோதிக்கப்பட்டு, லேசான, நடுத்தரமான மனச்சோர்வுக்குப் பரவலாகப் பரிந்துரைக்கப்படுகிறது.

நடைமுறையில் இதற்குப் பொருள், வெட்கப்படும் அளவுக்குச் சிறிய செயலைத் தேர்ந்தெடுத்து அதற்கு ஒரு நேரத்தைக் குறிப்பது. குளிக்க முடியாத நாளில் முகத்தையும் கைகால்களையும் கழுவுங்கள். நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்து குளியுங்கள். மாற்றுத் துணியை முந்தின இரவே எடுத்து வையுங்கள். தோழி ஒருத்திக்கு, மன்னிப்பும் விளக்கமும் இல்லாமல், 'உன்னை நினைத்தேன், நலமா?' என்று ஒரே வரி அனுப்புங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று குறித்து வாருங்கள். இரண்டாக இருந்தது மூன்றானால் அது உண்மையான மாற்றம். 'எதுவும் பயன்படாது' என்று மனம் அடித்துச் சொல்லும்போது எடுத்துக் காட்ட அந்தக் குறிப்பு உதவும். இதைத் தொடங்கும்போதே ஒரு மருத்துவரையோ உளவியலாளரையோ பார்த்துவிடுங்கள். தனியாகப் போராடிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: தினமும் அதிகாலை மூன்று, நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. காலை நேரம் நரகம். மாலையானால் ஓரளவு தெளிந்து, குழந்தைகளோடு பேசவும் முடிகிறது. 'காலையில் ஒரு வேஷம், மாலையில் ஒரு வேஷமா?' என்று வீட்டில் கேட்கிறார்கள்.

பதில்: வேஷம் எதுவும் இல்லை. வழக்கமான நேரத்துக்கு இரண்டு மணி நேரமோ அதற்கும் முன்போ விழிப்பது, காலையில் மனம் மிகவும் கனத்துக் கிடப்பது, பொழுது ஏற ஏறச் சற்றே இளகுவது ஆகியவை கடுமையான மனச்சோர்வின் ஒரு வகையில் நாங்கள் குறிப்பாகத் தேடும் அடையாளங்கள். உங்கள் வீட்டார் ஐயத்துக்குக் காரணமாகக் காட்டுவதையே மருத்துவர் நோயின் சான்றாகக் கொள்வார்; ஆகவே இந்தக் கால மாற்றத்தை அவரிடம் தவறாமல் சொல்லுங்கள். எல்லோருக்கும் இப்படியே இருக்கும் என்றும் இல்லை. சிலர் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தூங்கியும் களைப்போடு எழுகிறார்கள்.

அதிகாலை நான்கு மணிக்குத் தோன்றும் எந்த முடிவையும் அப்போதே முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வேலையை விடுவது, உறவை முறிப்பது, கடனைப் பற்றி ஒரு தீர்மானத்துக்கு வருவது எதுவானாலும் மாலைக்கு ஒத்திவையுங்கள். விழித்தபின் நெடுநேரம் புரண்டுகொண்டிருக்காமல் எழுந்து வேறோர் இடத்தில் உட்காருங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்து, வெளிச்சம் படும் இடத்துக்குச் செல்லுங்கள். தூக்கத்துக்காக மது அருந்தும் பழக்கம் இருந்தால் விட்டுவிட வேண்டும். அது சீக்கிரம் தூங்க வைப்பதுபோல் தோன்றினாலும் பின்னிரவின் தூக்கத்தைக் கெடுத்து, நீங்கள் அஞ்சும் அந்த விழிப்பையே கொண்டுவரும். நாள்தோறும் நிறையக் குடிப்பவர்கள் மட்டும் மருத்துவர் துணையோடுதான் அதை நிறுத்த வேண்டும்.

கேள்வி: 68 வயதாகும் என் அப்பா செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்தபடி இருக்கிறார். எதைக் கேட்டாலும் 'தெரியவில்லை, என்னை விட்டுவிடு' என்கிறார். மூன்று மாதங்களாகத்தான் இப்படி. இது மறதி நோயின் தொடக்கமா?

பதில்: மனச்சோர்வு நினைவையும் கவனத்தையும் வேகத்தையும் குறைப்பதால், முதியவர்களிடம் அது மறதி நோயைப்போலவே தோற்றமளிக்கும். மாற்றம் சில வாரங்களிலோ மாதங்களிலோ வந்ததாக வீட்டாரால் காலம் குறித்துச் சொல்ல முடிவதும், முயன்று தவறாகப் பதில் சொல்வதைவிட 'தெரியவில்லை' என்று ஒதுங்கிக்கொள்வதும், தன் மறதியைப் பற்றி அவரே வருந்துவதும் மனச்சோர்வின் பக்கம் சாய்வதற்கான குறிப்புகள். மறதி நோய் பெரும்பாலும் மெல்ல மெல்ல வரும். அதில் பலர் மறதியை உணராமலோ சமாளித்து மறைத்தோ விடுகிறார்கள். ஆனாலும் இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருக்கலாம், முதுமையில் முதன்முறையாக வரும் மனச்சோர்வு சிலருக்கு மறதி நோயின் முன்னறிவிப்பாகவும் அமையலாம் என்பதால், வீட்டிலிருந்தபடியே ஊகிக்காமல் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தைராய்டு சுரப்புக் குறைவு, பி12 வைட்டமின் குறைபாடு, இரத்தசோகை, அவர் ஏற்கெனவே உட்கொள்ளும் சில மருந்துகள் ஆகியவையும் இத்தகைய மந்தநிலையை உண்டாக்கும். காது கேட்பது குறைந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என் கணவருக்கு எதற்கெடுத்தாலும் கோபம். இரவு குடிக்கத் தொடங்கியிருக்கிறார். 'நான் இல்லாவிட்டால் உங்களுக்கெல்லாம் நிம்மதி' என்று இரண்டு முறை சொல்லிவிட்டார். மருத்துவரிடம் போகலாம் என்றால், 'எனக்கென்ன பைத்தியமா?' என்று கத்துகிறார். நான் எப்படிப் பேசுவது?

பதில்: 'நான் இல்லாவிட்டால்' என்ற அந்த வாக்கியத்தைக் கோபத்தில் சொன்னதாக நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை உடனே எழுதவைத்தது அதுதான்.

உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட மதிப்பீட்டின்படி உலகில் சுமார் 28 கோடிப் பேருக்கு மனச்சோர்வு இருந்தது. பெண்களிடம் இது கூடுதலாகப் பதிவாகிறது. ஆண்கள் பலரிடம் அது சோகத்தின் முகத்தோடு வராமல் எரிச்சல், குடி, ஓயாத வேலை, பேச்சற்ற விலகல் ஆகிய வடிவங்களில் வருவதால் கண்டறியப்படாமலே போய்விடுகிறது. அழுபவரை நாம் அணைத்துக்கொள்கிறோம்; எரிந்து விழுபவரை விட்டு விலகுகிறோம். உதவி மிகவும் தேவைப்படும் நேரத்தில் இப்படித் தனித்துவிடப்படும் ஆண்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

அவர் குடிக்காமல் அமைதியாக இருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். நோயின் பெயரைச் சொல்லித் தொடங்க வேண்டாம். கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள். 'நீங்கள் நான்கு மணிக்கே எழுந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். சாப்பாடு பாதியாகிவிட்டது. எனக்குக் கவலையாக இருக்கிறது' என்று சொன்னால் அவரால் மறுப்பது கடினம். பிறகு நேரடியாகவே கேளுங்கள்: 'செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா? அதற்கு ஏதாவது வழி யோசித்து வைத்திருக்கிறீர்களா?' இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற அச்சம் பலருக்கும் உண்டு. ஆய்வுகள் அந்த அச்சத்துக்கு ஆதாரம் காட்டவில்லை. கேட்கப்பட்டவர் பெரும்பாலும் ஒரு சுமையை இறக்கிவைத்ததாகவே உணர்கிறார். ஆம் என்று சொன்னால் வாதம் செய்யவோ சத்தியம் வாங்கவோ முயலாமல் கேட்டுக்கொண்டிருங்கள். உயிருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய பொருள்களையும் வீட்டில் சேர்ந்துள்ள மாத்திரைகளையும் அவர் கைக்கு எட்டாதபடி அகற்றுங்கள். வழி யோசித்து வைத்திருப்பதாகச் சொன்னால், அல்லது பதிலே சொல்லாமல் உங்களுக்கு அச்சம் தரும்படி நடந்துகொண்டால், அவரைத் தனியாக விடாமல் அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள், அல்லது உங்கள் நாட்டின் அவசர உதவி எண்ணையோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ அழையுங்கள். இதில் அவருடைய கோபத்துக்கு அஞ்ச வேண்டாம்.

அவசரம் இல்லை என்று தெரிந்தால், மனநல மருத்துவரிடம் போவதற்குப் பதிலாக முதலில் தூக்கமின்மைக்காகவோ உடல் வலிக்காகவோ வழக்கமான மருத்துவரைப் பார்க்கலாம் என்று சொல்லிப் பாருங்கள். பல ஆண்கள் அந்த வாசல் வழியாகத்தான் சிகிச்சைக்குள் வருகிறார்கள். உங்கள் மீதோ குழந்தைகள் மீதோ அவர் கை நீட்டினால், நோய் என்று சொல்லிப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. பாதுகாப்பான இடத்துக்குச் செல்வதே முதல் வேலை.

கேள்வி: மனச்சோர்வுக்கு மாத்திரை தொடங்கிப் பத்து நாள்கள் ஆகின்றன. குமட்டலும் தலைவலியும்தான் வந்திருக்கின்றன, மனத்தில் மாற்றமே இல்லை. நிறுத்திவிடலாமா? பழகிப்போனால் வாழ்நாள் முழுவதும் விட முடியாது என்கிறார்களே?

பதில்: இந்த மருந்துகளில் பக்கவிளைவு முதலிலும் பலன் பிறகும் வருவதால், பலர் நீங்கள் நிற்கும் அதே இடத்தில் மனம் உடைந்து நிறுத்திவிடுகிறார்கள். பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்களில் மாற்றம் தொடங்கும். போதிய அளவில் ஆறு முதல் எட்டு வாரங்கள் உட்கொண்ட பிறகே ஒரு மருந்து பயன்படுகிறதா என்று சொல்ல முடியும். குமட்டலும் தலைவலியும் பெரும்பாலோருக்கு ஓரிரு வாரங்களில் தணிந்துவிடும். பாலுறவில் நாட்டம் குறைவது சிலருக்கு நீடிக்கலாம். வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொன்னால் மருந்தை மாற்றவோ அளவைச் சீர்செய்யவோ முடியும். 25 வயதுக்குக் குறைந்தவர்களிடம் முதல் சில வாரங்களில் படபடப்போ தற்கொலை எண்ணமோ கூடுகிறதா என்று வீட்டார் கவனிக்க வேண்டும். அப்படி எந்த வயதினருக்கு நேர்ந்தாலும் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். வாழ்வில் எப்போதாவது, தூக்கமே தேவைப்படாமல் அளவுகடந்த உற்சாகத்தோடும் செலவோடும் நாள்கணக்கில் இருந்ததுண்டு என்றால் அதையும் சொல்லுங்கள். அது, மிகை உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைப் பிறழ்வு (பைபோலார்) என்ற நோயாக இருந்தால் சிகிச்சையே வேறு.

மது, புகையிலை போல மேலும் மேலும் வேண்டும் என்ற வேட்கையை இம்மருந்துகள் உண்டாக்குவதில்லை. ஆனால் உடல் அவற்றுக்குப் பழகியிருப்பதால் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றல், மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, எரிச்சல், தூக்கக் குலைவு ஆகியவை வரலாம். எனவே மருத்துவர் சொல்லும்படி படிப்படியாகக் குறைத்தே நிறுத்த வேண்டும். நலமடைந்த பிறகும் குறைந்தது ஆறு மாதங்களாவது தொடர்வது வழக்கம். நன்றாகிவிட்டது என்று தோன்றிய வாரத்திலேயே நிறுத்தியவர்கள்தாம் அடிக்கடி மீண்டும் விழுகிறார்கள்.

கேள்வி: தினமும் நடந்தால் போதும், நல்லதையே நினைத்தால் போதும், மருந்தெல்லாம் எதற்கு என்கிறார்களே?

பதில்: நடைப்பயிற்சி உண்மையிலேயே உதவுகிறது, அதற்கு நல்ல சான்றுகள் உள்ளன. 'போதும்' என்பதைத்தான் நான் ஏற்க மாட்டேன். லேசான மனச்சோர்வில் உடற்பயிற்சியும் உளவியல் சிகிச்சையும் மருந்தில்லாமலே பலன் தரலாம். கடுமையான நிலையில், எழுந்து உட்காரவே முடியாதவரிடம் நடக்கச் சொல்வது அவருடைய குற்ற உணர்வைத்தான் கூட்டும். நல்லதை நினைக்கச் சொல்வதும் அப்படியே. நல்லதை நினைக்கும் திறனையே நோய் பறித்திருக்கிறது. அறிவுரை சொல்லும் உறவினர், 'வாங்க, வாசல் வரை சேர்ந்து போய் வருவோம்' என்று கூடவே எழுந்தால் பயன் உண்டு.

கேள்வி: சிகிச்சைக்குப் பின் நலமாக இருக்கிறேன். மறுபடியும் வருமோ என்ற பயம் மட்டும் போகவில்லை.

பதில்: ஒரு முறை வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வாழ்நாளில் மீண்டும் வருகிறது. வருவதை முன்கூட்டியே கண்டுகொள்ள முடியும் என்பதால்தான் இதை மறைக்காமல் சொல்கிறேன். சென்ற முறை உங்களிடம் முதலில் மாறியது எது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். ஒருவருக்கு அது தலைவாருவதை விட்டது. இன்னொருவருக்கு அஞ்சலில் வந்த உறைகளைப் பிரிக்காமல் குவித்தது. வேறொருவருக்கு நெருங்கியவர்களின் அழைப்பு வரும்போது கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தது. ஒவ்வொருவருக்கும் அந்த வரிசை பெரும்பாலும் மாறுவதில்லை. அதை ஒரு தாளில் எழுதி, வீட்டில் நீங்கள் நம்பும் ஒருவரிடம் கொடுத்து, இவற்றில் இரண்டு ஒரு வாரத்துக்கு மேல் தென்பட்டால் என்னிடம் சொல் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்படிச் சொல்லும்போது மறுத்துப் பேசமாட்டேன் என்றும் இப்போதே ஒப்புக்கொள்ளுங்கள். ஏனெனில் நோய் திரும்பும் வேளையில் அதைக் கடைசியாக அறிபவர் பெரும்பாலும் நீங்களாகத்தான் இருப்பீர்கள். தாளின் கீழே உங்கள் மருத்துவரின் தொலைபேசி எண்ணையும், முன்பு உங்களுக்குப் பலனளித்த மருந்தின் பெயரையும் அளவையும் எழுதி வையுங்கள்.